கிளப் ஹால் பூட்டிக் கிடக்கிறது: வீட்டிலிருந்தே மாடல் ரயில் கிளப்பை நடத்த வழி?

வடக்கு_யார்டு (கேள்வி, 22 நவம்பர் 2020)

வணக்கம் நண்பர்களே. மிச்சிகனில் இருக்கும் ஒரு எச்ஓ (HO, 1:87 ஸ்கேல்) மாடல் ரயில் கிளப்புக்காகக் கேட்கிறேன். மார்ச் 24 அன்று கொரோனாவுக்காக மாநில ஊரடங்கு வந்ததிலிருந்து ஹால் மூடியிருக்கிறது. குளிர்காலத்தில் மெல்லத் திறக்கலாம் என்று நினைத்திருந்தோம், நவம்பர் 18 முதல் மறுபடி கட்டுப்பாடு. உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள், அதனால் அவசரப்பட்டுத் திறக்கிற எண்ணம் இல்லை.

லேஅவுட் (மாடல் ரயில்பாதை அமைப்பு) நிலையானது, 9 × 6 மீட்டர் அறை, உயரம் 2.7 மீட்டர். டிசிசி (டிஜிட்டல் கட்டுப்பாடு), வயர்லெஸ் த்ராட்டில்கள் (வண்டியை ஓட்டும் கைக்கருவிகள்), கணினியில் லேஅவுட்டை இயக்கும் ஜேஎம்ஆர்ஐ மென்பொருள் இருக்கிறது. ஜூமில் வாரம் ஒருமுறை சந்திக்கிறோம், ஆனால் பேச்சு மட்டும் எத்தனை வாரம் தாங்கும்? கைக்கு வேலை வேண்டும். வீட்டில் அவரவர் செய்து பிறகு ஒன்றாகச் சேர்க்கிற மாதிரி என்ன எடுத்துக்கொள்ளலாம்? தூரத்திலிருந்தே வண்டி ஓட்டுவது நடைமுறைக்கு வருமா? பூட்டிய அறையில் லேஅவுட் கெடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

---

குறும்பாதை

முதல் கேள்விக்கு என் பதில் டி-டிராக்: எச்ஓவைவிடச் சிறிய N ஸ்கேலில், ஒரே அளவுள்ள மாட்யூல்களை (பாதை பதித்த தனிப்பலகைகள்) மேஜைமேல் கோர்க்கும் முறை. உங்கள் கிளப் எச்ஓ என்பது தெரிந்தேதான் N ஸ்கேலில் உள்ளதைச் சொல்கிறேன். எச்ஓவில் ஃப்ரீ-மோ என்ற மாட்யூல் முறை இருக்கிறது, ஆனால் அதன் முனைப்பலகை 24 அங்குல அகலம், தண்டவாளம் தரையிலிருந்து 50 அங்குல உயரம். அடுக்குமாடி வீட்டில் அதை வைத்து வேலை செய்ய முடியாது. டி-டிராக் சாப்பாட்டு மேஜையில் முடிகிற வேலை. கால் வேண்டாம், கிளாம்ப் வேண்டாம், காட்டோ நிறுவனத்தின் யூனிடிராக் (படுகையோடு வரும் பாதைத் துண்டு) ஜாயினரே மாட்யூல்களைப் பிடித்துக்கொள்ளும்.

ஆளுக்கு ஒரு சிங்கிள் மாட்யூல் என்று 10 பேர், மூலைகள் நான்கையும் ஒரே ஆள் செய்யட்டும். ஒரு பக்கத்துக்கு 5 சிங்கிள், இரண்டு மூலை: 5 × 310 + 2 × 365 = 2280 மி.மீ. இரண்டு மூலை சேர்ந்த அகலம் 730 மி.மீ. 8 அடிக்கு 30 அங்குலம் உள்ள ஒரே ஒரு மடிப்பு மேஜையில் முழு இரட்டைப்பாதை வளையம் உட்கார்ந்துவிடும்.

வாங்க வேண்டியது: எஸ்248 நேர்ப்பாதை 20, எஸ்62 நேர்ப்பாதை 20 (எண் மி.மீ. நீளம்), 45 பாகை வளைவில் ஆர்315 எட்டு, ஆர்282 எட்டு (எண் மி.மீ. ஆரம்). எல்லாமே 4 துண்டுப் பொட்டலமாக வரும், ஆகவே 5, 5, 2, 2 பொட்டலம். ஒவ்வொரு மாட்யூலுக்கும் உயரம் சரிசெய்ய நான்கு போல்ட்டும் டி-நட்டும் (மரத்தில் அடித்துப் பதிக்கும் நட்), 14 மாட்யூலுக்கு 56 ஜோடி. கூடவே பத்து ஜோடி வாங்கி வையுங்கள், டி-நட்டை அடிக்கும்போது பிளைவுட் பிளக்கும்.

பலகையை மட்டும் எல்லாரும் அவரவர் வீட்டில் அறுக்கக் கூடாது. இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருப்பேன். ஒரே ஆள், ஒரே டேபிள் ஸா, ஒரே ஸ்டாப் (நீளம் மாறாமல் நிறுத்தும் கட்டை) வைத்து எல்லாப் பலகையையும் அறுத்துப் பிரிபாகங்களாகவே அனுப்பட்டும். சிங்கிளின் நீளம் 308 மி.மீ., பாதை 310 (248 + 62). இரண்டு பக்கமும் ஒவ்வொரு மி.மீ. பாதை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஒரு மி.மீ. இருந்தால்தான் பலகைகள் முட்டுவதற்கு முன் தண்டவாளங்கள் சேரும். யாரோ ஒருவர் 310-க்கு அறுத்தாலோ, பக்கப்பலகையில் மூன்று கோட் பெயின்ட் தடவினாலோ, ஓரத்தில் பிளாஸ்டர் வழிந்து காய்ந்தாலோ, இணைப்பில் இடைவெளி விழும். N ஸ்கேல் சக்கரத்துக்கு அது பெரிய பள்ளம்.

மாறாத அளவுகள் இவை: பலகையின் முன் விளிம்பிலிருந்து பாதைப் படுகையின் விளிம்பு 38 மி.மீ., இரண்டு பாதைகளின் மையத்துக்கு மையம் 33 மி.மீ., மேஜையிலிருந்து பலகை உயரம் குறைந்தது 70, போல்ட்டைத் திருப்பி 100 வரை. யூனிடிராக் படுகை 25 மி.மீ. அகலம், ஆகவே நடுவில் சரியாக 8 மி.மீ. இடைவெளி. 38-க்கு ஒரு கட்டை, 8-க்கு ஒரு கட்டை வெட்டிப் பொட்டலத்திலேயே போட்டு அனுப்புங்கள். அளவுகோலில் பார்த்து ஒட்டியது ஆளுக்கு ஒரு மி.மீ. மாறும், கட்டை வைத்து ஒட்டியது மாறாது.

பலகையின் நடுவில் அவர் என்ன வேண்டுமானாலும் கட்டட்டும். கிராமம், ஆறு, சரக்குக் கொட்டகை, எதுவானாலும் சரி. முனைகளை மட்டும் கிளப் தீர்மானிக்க வேண்டும். கூடி உட்கார்ந்து சரிபார்க்க முடியாத காலத்தில் இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

---

பாயின்ட்ஸ்மேன்

மூன்றாவது கேள்விக்கு மட்டும்.

த்ராட்டில்களிலிருந்து பேட்டரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஆல்கலைன் செல்கள் மாதக்கணக்கில் கிடந்தால் ஒழுகும், ஸ்பிரிங் தொடுமுனை பச்சையாகி அரித்துப் போகும். அறையின் மின்சாரத்தை மெயின் ஸ்விட்சிலேயே நிறுத்துங்கள், ஆனால் ஹீட்டரும் காற்றை ஈரமாக்கும் கருவியும் வேறு லைனில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு.

எஞ்சின்களைப் பாதையில் விடாதீர்கள். ரப்பர் டயர் உள்ள சக்கரம் ஒரே இடத்தில் நின்றால் தட்டையாகும், தண்டவாளத்தில் கறையும் விடும். பாலிதீன் தாள் போட்டு மூடினால் ஈரம் அடியில் தங்கும், பழைய பருத்தி விரிப்பே மேல்.

மிச்சிகன் குளிர்காலத்தில் பெரிய ஆபத்து வறட்சி. ஹீட்டர் ஓடும் அறையில் காற்று காய்ந்து மரச்சட்டம் சுருங்கும், தண்டவாளம் சுருங்காது. இரண்டு பிளாக்குகளுக்கு (தனித்தனியாக மின்சாரம் பெறும் பாதைப் பகுதிகள்) நடுவில் அறுத்து விட்ட இடைவெளி மூடிக்கொள்ளும், வசந்தத்தில் மின்சாரம் போட்டதும் ஷார்ட் காட்டும். எங்கே என்று தேடினால் வயரில் ஒன்றும் இருக்காது. அந்த இடைவெளிகளில் 0.4 மி.மீ. ஸ்டைரீன் துண்டை ஒட்டி, காய்ந்ததும் தண்டவாள வடிவத்துக்கு அரம் போட்டு விடுங்கள். ஈரப்பதத்தை 45 முதல் 55 சதவீதத்துக்குள் வைத்தால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் வராது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே ஒருவர் போய்ப் பார்த்தால் போதும்: ஈரப்பத மீட்டர், எலிப்பொறி, கூரைக் கசிவு.

மறுபடி ஓட்டும் நாளில் பாதையை மினரல் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். மணல் தாள் வேண்டவே வேண்டாம், அது விடும் கீறலில்தான் அடுத்த அழுக்கு பிடிக்கும்.

---

கன்ட்ரோல்_ஆபீஸ்

தூரத்திலிருந்து வண்டி ஓட்டுவது முடியும். ஷன்டிங் (பெட்டிகளைக் கோர்த்தும் கழற்றியும் இடம் மாற்றுவது) செய்வது முடியாது. ஏன் என்று கணக்கு போட்டுக் காட்டுகிறேன்.

எச்ஓவில் மணிக்கு 32 கி.மீ. வேகத்துக்கு இணையாக ஓடும் வண்டி விநாடிக்கு 10 செ.மீ. நகரும். வீடியோ உங்கள் திரைக்கு வரும்போது 2 விநாடி தாமதம் என்றால், நீங்கள் பார்க்கும் இடத்திலிருந்து வண்டி ஏற்கெனவே 20 செ.மீ. தள்ளிப் போயிருக்கும். 40 அடி பாக்ஸ்காரே (மூடிய சரக்குப் பெட்டி) 14 செ.மீ.தான். கப்ளிங் சேர்க்கிற நேரத்தில் ஒரு முழுப் பெட்டிக்கு மேல் கணக்கு தப்பும். வேகத்தை 8 கி.மீ.க்குக் குறைத்தாலும் 5 செ.மீ. பிழை நிற்கும். தடம்புரண்டால் எடுத்து வைக்க ஹாலில் ஆளும் இல்லை.

அதனால் வேலையைப் பிரியுங்கள். ஹாலில் ஒரே ஒருவர், அவர்தான் எஞ்சின் டிரைவர். வீட்டில் ஒருவர் டிஸ்பாட்சர். ஜேஎம்ஆர்ஐயில் வரைந்த பேனலை அதன் வெப் சர்வர் வழியாக அவர் உலாவியில் திறந்து பாயின்ட்களையும் (வண்டியைத் தடம் மாற்றும் இடங்கள்) சிக்னல்களையும் இயக்கலாம். அதற்கு போர்ட் 12080, த்ராட்டில் செயலிகளுக்கு 12090. பேச்சு சாதாரணத் தொலைபேசியில் நடக்கட்டும், ஜூம் வேண்டாம். வண்டி உத்தரவை டிஸ்பாட்சர் சொல்ல, டிரைவர் எழுதி, திரும்பப் படித்துக் காட்டி, நேரம் போட வேண்டும். பழைய ரயில்வே முறை அதுதான். தாமதம் அங்கே குறையே இல்லை.

இந்த இரண்டு போர்ட்டையும் ரௌட்டரில் நேரடியாகத் திறந்து வைக்காதீர்கள். ஜேஎம்ஆர்ஐ சர்வரில் கடவுச்சொல் கிடையாது, முகவரி தெரிந்த எவரும் பாயின்ட்டைத் திருப்பிவிடலாம். ஒரு விபிஎன் போட்டு உறுப்பினர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

ஹாலில் இருப்பவர் தன் கைப்பேசியையே த்ராட்டிலாக வைத்துக்கொண்டால், ஜேஎம்ஆர்ஐயின் வைத்ராட்டில் சர்வர் (கைப்பேசி த்ராட்டில்களை இணைப்பது) அமைப்பில் இணைப்பு அறுந்தால் எஞ்சினை நிறுத்தும் தேர்வு இயங்குகிறதா என்று பாருங்கள். இயல்பாக 10 விநாடி இருக்கும், 5 ஆக்குங்கள். வைஃபை விட்டுவிட்டு வரும் ஹாலில் அதற்கும் கீழே இறக்கினால் வண்டி காரணமில்லாமல் நின்று நின்று போகும்.

---

வடக்கு_யார்டு

மிக்க நன்றி. டி-டிராக் பேச்சை எடுத்ததும் ஒன்பது பேர் உடனே கை தூக்கினார்கள். இரண்டு சந்தேகம். வயரிங்கை வீட்டிலேயே எப்படிச் சரிபார்ப்பது? பெரும்பாலோர் யூனிடிராக்கைத் தொட்டதே இல்லை. அடுத்தது, வளையத்தைச் சேர்க்கிற நாள் வரும் வரை இவர்களுக்குள் தொடர்பு இருக்க வேண்டுமே, ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கட்டிக்கொண்டிருந்தால் அது கிளப் ஆகாதே?

---

குறும்பாதை

வயரிங்குக்கு ஒரே ஒரு வரி மனப்பாடம்: நீலம், வெள்ளை, வெள்ளை, நீலம். பார்வையாளர் பக்கத்திலிருந்து எண்ணினால் முன்பாதையின் முன்தண்டவாளம் நீலம், அதன் பின்தண்டவாளம் வெள்ளை, பின்பாதையின் முன்தண்டவாளம் வெள்ளை, கடைசி நீலம். காட்டோவின் ஃபீடர் ஜாயினர் (பாதைக்கு மின்சாரம் தரும் இணைப்பி) வயர்களே இந்த இரண்டு நிறத்தில்தான் வரும். மல்டிமீட்டரை கன்டின்யூட்டியில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் அமைப்பு) வைத்து, ஒவ்வொரு வயர் முனையையும் அதற்குரிய தண்டவாளத்தோடு தொட்டுப் பாருங்கள். பிறகு அதே பாதையின் அடுத்த தண்டவாளத்தையும் தொட வேண்டும். அங்கே சத்தம் வந்தால் ஷார்ட். இரண்டாவதைப் பலர் விட்டுவிடுவார்கள்.

தவறு நடப்பது பெரும்பாலும் பேலஸ்ட் (பாதைச் சல்லி) போடும்போது. தண்ணீர் கலந்த ஒயிட் க்ளூ முனையில் ஜாயினர் உட்காரும் பைக்குள் இறங்கிக் காய்ந்துவிடும். பிறகு ஜாயினர் பாதிதான் உள்ளே போகும், வெளியிலிருந்து பார்த்தால் சரியாக இருப்பதுபோலவே தெரியும், வண்டி அங்கே தயங்கும். பேலஸ்ட்டுக்கு முன் நான்கு முனையிலும் ஜாயினரைக் கழற்றிவிட்டு மாஸ்கிங் டேப்பால் பையை மூடுங்கள். முனையிலிருந்து 10 மி.மீ. வரை க்ளூவே வேண்டாம். பாதையைப் பலகையில் ஒட்ட அக்ரிலிக் காக் (இடுக்கு அடைக்கும் பசை) மெல்லிசாகப் போதும், பிறகு கத்தி விட்டு எடுக்கலாம். ஃபோமின் மேல் மலை கட்டுபவர்கள் கரைப்பான் கலந்த பசையைத் தொடக் கூடாது, ஃபோம் உருகிப் பள்ளமாகும். பிளைவுட்டின் அடிப்பக்கத்துக்கும் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். மேலே மட்டும் ஈரப் பிளாஸ்டர் போட்டால் பலகை வளையும்.

ஜூமில் பரிசோதனை வைக்கலாம். 38, 8 கட்டைகளை இடத்தில் வைத்து, கேமராவை நேர் மேலே பிடித்து ஒரு படம். பக்கவாட்டில் நேர்விளிம்பு அளவுகோல் வைத்து, இரண்டு முனையிலும் பாதை எவ்வளவு நீட்டியிருக்கிறது என்று ஒரு படம். சாய்வாக எடுத்த படத்தை ஏற்காதீர்கள், ஒரு மி.மீ. அதில் மறைந்துவிடும்.

---

கூட்ஸ்_கார்டு

தொடர்புக்கு ஒரு யோசனை. வீட்டில் சின்ன லேஅவுட்டோ ஒரு ஷெல்ஃபோ வைத்திருக்கும் உறுப்பினர்கள் உங்களிடம் நிச்சயம் இருப்பார்கள். ஒவ்வொரு வீட்டையும் ஒரு ஊராக்குங்கள். ஊருக்கு ஊர் சரக்கு மாற்று யார்டு. பெட்டி நிஜமாகப் பயணிக்காது, அதன் சரக்குச்சீட்டு மட்டும் மின்னஞ்சலில் போகும்.

ஒரு பொது விரிதாள் போதும்: பெட்டியின் வகை, ரயில்வேயின் எழுத்தும் எண்ணும், சரக்கு, அனுப்பும் ஊர், சேரும் ஊர், எந்த வழியாக. வெள்ளி இரவு வரை அனுப்புபவர் தன் யார்டிலிருந்து அந்தப் பெட்டிகளை எடுத்து அலமாரியில் வைக்கிறார். சனிக்கிழமை பெறுபவர் தன்னிடம் இருக்கும் அதே வகைப் பெட்டிகளை எடுத்துத் தன் மாற்றுத் தடத்தில் வைத்து ஷன்டிங் செய்கிறார். அவர் எந்த ஸ்கேலில் வைத்திருக்கிறார் என்பதே இதில் பொருட்டில்லை.

கெட்டுப்போவது ஒரே இடத்தில்: அளவுக்கு மேல் அனுப்புவதில். மாற்றுத் தடத்தில் 6 பெட்டி பிடிக்கும் ஊருக்கு மூன்று பேர் சேர்ந்து 12 அனுப்பினால் அந்த வாரம் அவரால் அசையவே முடியாது. ஒவ்வொரு ஊரின் கொள்ளளவையும் விரிதாளின் முதல் நெடுவரிசையிலேயே எழுதி, அதில் பாதிக்கு மேல் ஒரே வாரத்தில் ஏற்காதபடி விதி வையுங்கள். காலிப் பெட்டிகள் திரும்புவதையும் சீட்டில் எழுத வேண்டும், இல்லையென்றால் மூன்று வாரத்தில் எல்லாப் பெட்டியும் ஒரே ஊரில் தேங்கும். யாராவது ஒருவர் கார் டிஸ்ட்ரிபியூட்டராக (பெட்டிகளைப் பங்கிடுபவர்) இருந்து வாராவாரம் இதைப் பார்த்தே ஆக வேண்டும். ஓட்ட லேஅவுட் இல்லாத உறுப்பினருக்கு இது அருமையான வேலை.

---

பாயின்ட்ஸ்மேன்

ஹாலுக்கு ஒருவர் போவதாக முடிவானால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அறை 9 × 6 × 2.7, கிட்டத்தட்ட 146 கன மீட்டர். மணிக்கு 5 முறை காற்று சுத்தமாக வேண்டும் என்று வைத்தால் 730 கன மீட்டர். 20 அங்குல பாக்ஸ் ஃபேனைச் சுற்றி மெர்வ் 13 தர (நுண்துகள் பிடிக்கும்) ஃபில்டர்களைப் பெட்டி மாதிரி டேப் போட்டு ஒட்டினால் அந்த அளவு கிடைக்கும். ஃபில்டரின் சட்டத்தில் இருக்கும் அம்புக்குறி ஃபேனை நோக்கி இருக்க வேண்டும். மூலைகளில் டேப் விட்டுப்போனால் காற்று அந்த ஓட்டை வழியாகவே போகும். ஃபேன் காற்று நேராக லேஅவுட்டில் அடித்தால் பொடிப்புல்லெல்லாம் பறக்கும், நடைபாதையின் முனையில் மேல்நோக்கி வைக்கவும்.

த்ராட்டிலைத் துடைக்க 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், துணியில் தொட்டு மட்டும். நேராகத் தெளித்தால் குமிழின் தண்டு வழியாக உள்ளே இறங்கும். அக்ரிலிக் திரை இருந்தால் அதன்மேல் ஆல்கஹால் வேண்டாம், மெல்லிய விரிசல் விழும், சோப்புத் தண்ணீர் தொட்ட துணி போதும். ஒருவர் எடுத்த த்ராட்டில் அன்று முழுதும் அவரிடமே இருக்கட்டும்.