தலைகீழாகத் தொங்கும் கோழிகள்: நாங்கள் கண்டவை

ஆரையம்பதியிலிருந்து ஒரு சகோதரி

மண்முனைப் பாலம் 2014ஆம் ஆண்டில் திறக்கப்படுவதற்கு முன்னர், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து ஊர்க்கோழி கொண்டு வருவோர் 'பாதை' என்று நாங்கள் அழைக்கும் மிதவையில் ஏறி வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. கூடைகளை நிழலில் இறக்கி வைத்துவிட்டு அவர்கள் காத்திருப்பதைச் சிறுமியாகப் பலமுறை கண்டிருக்கிறேன். இப்போது மோட்டார் சைக்கிள் நேரே பாலத்தால் வந்துவிடுகிறது. கோழிகளோ கால்கள் கட்டப்பட்டு, கைபிடியின் இரு பக்கமும் தலைகீழாகத் தொங்கியபடி வருகின்றன.

கடந்த ஆடி மாதம், கச்சான் காற்று அனலாக வீசிய ஒரு நண்பகலில், கொக்கட்டிச்சோலையிலிருந்து திரும்பும் வழியில், இளம் வியாபாரி ஒருவர் மரநிழலில் வண்டியை நிறுத்தித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டு கோழிகள் தொங்கின. அனைத்தும் அலகைத் திறந்தபடி இளைத்துக்கொண்டிருந்தன. ஒரு பேட்டுக்கோழியின் தொடை மூட்டுக் கழன்று, அந்தக் கால் மற்றக் காலைவிட நீண்டு தெரிந்தது.

"தம்பி, அதுகளுக்கும் கொஞ்சம் தண்ணி வைங்க" என்றேன். அவர் மறுக்கவில்லை; இறக்கி வைத்தார். ஆனால், "இப்படித் தொங்கினாத்தான் அக்கா அதுகள் கத்தாம, சிறகடிக்காம அமைதியாக் கிடக்கும்" என்று உண்மையாகவே நம்பிச் சொன்னார்.

அந்த அமைதியைத்தான் நம்மில் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறோம். கோழிக்கு மனிதருக்கு இருப்பதைப் போன்ற உதரவிதானம் இல்லை. ஆகவே தலைகீழாகப் பிடிக்கும்போது குடலும் ஈரலும் நுரையீரல்மீதும் காற்றுப்பைகள்மீதும் சரிந்து அழுத்துகின்றன. அதற்கு வியர்வைச் சுரப்பிகளும் இல்லை. உடலின் இயல்பான வெப்பநிலையே ஏறக்குறைய 41 பாகை செல்சியஸ் என்றிருக்கும் அந்தப் பறவை, இளைப்பதன் மூலமே பெரும்பாலும் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும். அந்த மூச்சைத்தான் நாம் நெருக்குகிறோம். பயத்தால் உறைந்தும் மூச்சுக்குத் திணறியும் கிடப்பதை அமைதி என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

மரக்கறி ஏற்றும் பிளாஸ்டிக் கூடையொன்றைப் பின்னிருக்கையில் கட்டி, மேலே ஈரச் சாக்குப் போடலாமே என்று கேட்டேன். ஒரு கூடைக்குள் ஆறு, ஏழுதான் அடங்கும், மற்றவற்றுக்கு இன்னொரு பயணம் வர வேண்டும், பெற்றோல் விலை தெரியும்தானே என்றார். அது நியாயமான கேள்வி. என்னிடம் அப்போது பதில் இருக்கவில்லை. ஒரு மாதம் கழித்து அவரை மீண்டும் கண்டபோது பின்னால் கூடை இருந்தது. கைபிடியில் இன்னும் மூன்று கோழிகள் தொங்கின. அவற்றையும் இறக்கச் செய்ய வேண்டுமானால், கூடையில் வரும் கோழிக்குச் சற்றுக் கூடிய விலை கொடுக்க வாங்குவோராகிய நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று எண்ணி, அன்று நானே அப்படிக் கொடுத்து வாங்கினேன்.

ஏறாவூரிலிருந்து ஒரு சகோதரர்

மேலே சகோதரி எழுதியது ஊர்க்கோழியைப் பற்றி. நான் புறொயிலர் கோழிக்கடை நடத்துபவன் என்பதால், பண்ணையில் பிடிக்கும் இடத்தில் நடப்பதைச் சொல்கிறேன். 35 முதல் 42 நாட்களுக்குள் 2 கிலோ அளவுக்கு வளர்ந்துவிடும் இந்தக் கோழிகளின் எலும்பு அந்த எடைக்கேற்ப முதிர்ந்திருப்பதில்லை. ஒரு கைக்கு நான்கைந்தாகக் காலில் பிடித்துத் தூக்கி எறிந்தால் சிறகு முறியும், தொடையில் இரத்தம் கட்டும். உரித்த பின்னர் அந்தச் செந்நீல நிறத்தைக் கண்டு வாடிக்கையாளர் வேண்டாமென்று சொல்லும்போதுதான் நானும் யோசிக்கத் தொடங்கினேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

இப்போது இரவில், வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுப் பிடிக்கிறோம். இருளில் கோழி ஓடி ஒதுங்குவது குறைவு. இரு சிறகுகளையும் உடலோடு சேர்த்து இரு கைகளாலும் அணைத்துத் தூக்குகிறோம். நேரம் கூடுதலாகிறது, இறந்துபோகும் கோழி குறைகிறது. அறுப்பதைப் பற்றி என் வாப்பா சொல்லித் தந்தது வேறு: கத்தியைக் கூர்மையாக்கு, அறுக்கப்படும் உயிருக்கு இலகுவாக்கு என்பது நபிகளாரின் கட்டளை, ஆகவே அதன் கண்முன்னே கத்தி தீட்டாதே, ஒன்றின் முன்னால் மற்றொன்றை அறுக்காதே. என் கடையில் இன்று கூடுகளுக்கும் அறுக்கும் இடத்துக்கும் நடுவே ஒரு மறைப்புத் தடுப்பு இருக்கிறது. அதை அடிக்கப் பாதி நாள்தான் ஆயிற்று.

திருக்கோவிலிலிருந்து

இலங்கையில் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடைக் கட்டளைச் சட்டம், தேவையற்ற வேதனை உண்டாகும்படி விலங்குகளைக் கொண்டு செல்வதைக் குற்றமாகவே கொள்கிறது. வளர்ப்புப் பறவைகளும் அதற்குள் அடங்கும். ஆனால் அது விதித்த தண்டப் பணத்தின் உச்ச அளவு 100 ரூபாய். சட்டத்தை நம்பிக் காத்திருக்க முடியாது என்பதால், எங்கள் வீட்டில் மூத்தம்மாவின் வழக்கத்தையே பின்பற்றுகிறோம். 21 நாள் அடைகாத்துக் குஞ்சு பொரித்த கோழியை விற்க நேர்ந்தால், வாங்க வருபவர் கூடையோ அட்டைப் பெட்டியோ கொண்டு வர வேண்டும். வெறுங்கையோடு வந்த ஒருவர் சென்ற வாரம் காலைக் கட்டத் தும்புக் கயிறு கேட்டார். மூத்தம்மா உள்ளே போய், காற்றுப் போகத் துளையிட்ட பிஸ்கட் பெட்டியொன்றைக் கொண்டுவந்து, கோழியைத் தன் கையாலேயே அதற்குள் இருத்திக் கொடுத்தார்.