செம்மண் வளவில றொபஸ்டா கோப்பி: பூக்குது, காய் பிடிக்குதில்லை

கிணத்தடியான்:
யாழ்ப்பாணத்தில உரும்பிராய்ப் பக்கம், செம்மண் வளவு. கிணத்தடி வாழைகளுக்கு நடுவில 3 றொபஸ்டா கோப்பி மரம், 5 வயசு. வருசத்தில ரெண்டு மூண்டு தரம் கொப்பு முழுக்க வெள்ளையாப் பூக்குது, ஆனா கணுவுக்கு ஒண்டு ரெண்டுதான் காயாகுது. இளம் இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. மாட்டெரு, அடுப்புச் சாம்பல் தாராளமாப் போடுறது, யூரியாவும் போட்டாச்சு, மாற்றமில்லை. மூண்டும் ஒரே தாய் மரத்தின்ர தடி வைச்சு உண்டாக்கினவை. கிடைச்ச கொஞ்சப் பழமும் மார்கழி மழைக்குள்ள பழுத்து, சீமெந்து நிலத்தில காயவிட்டதில பூஞ்சணம் பிடிச்சிட்டுது. வறுத்தால் புளிச்ச மணம். தோல் உரிக்கிற மெசின் இல்லை. தெரிஞ்சவை சொல்லுங்கோ.

செம்பாட்டான்:
காய் பிடிக்காததுக்குக் காரணத்தை நீங்களே எழுதிப்போட்டியள். றொபஸ்டா தன்ர மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே தாயின்ர தடியில வந்த மூண்டும் பரம்பரையில ஒரே மரம்தான். 30 வைச்சாலும் இதே கதை. மற்றக் கோப்பி வகை, அறபிக்கா எண்டால் தனி மரமே காய்க்கும், ஆனா அதுக்கு மலைநாட்டுக் குளிர் வேணும். யாழ்ப்பாண வெயிலுக்கு அதைக் கொண்டுவந்து காசை வீணாக்காதேங்கோ.

வேற இடத்து றொபஸ்டா மரத்தில பழுத்த பழம் எடுத்துப் பிதுக்கி, கொட்டையை நிழலில உலர்த்தி உடனேயே போடுங்கோ. மாசக்கணக்கில வைச்ச கொட்டை முளைக்காது. ரெண்டு கண்டாவது வேணும், காய்க்க 3, 4 வருசம் செல்லும். அதுவரைக்கும் ஒரு வழி இருக்கு: பூ விரியிற அண்டு காலமை, வேற மரத்தில அப்பதான் விரிஞ்ச பூக்கொப்பு ஒண்டு முறிச்சு வந்து உங்கட பூக்களில தட்டிவிடுங்கோ. மரங்கள் ஒரே மழைக்குப் பூக்கிறதால அதே நாளில பூ கிடைக்கிறது கஷ்டமில்லை.

சோளகம்:
மஞ்சள் இலை இரும்புக் குறைபாடு. பழைய இலை மஞ்சளிச்சால் நைதரசன் எண்டு யோசிக்கலாம். இளம் இலை மஞ்சளிச்சு நரம்பு பச்சையா நிண்டால் இரும்புதான். செம்மண்ணில இரும்பு இல்லாமலா? நிறையக் கிடக்கு. ஆனா அடியில சுண்ணக்கல்லு, கிணத்துத் தண்ணியிலயும் சுண்ணாம்பு. கேத்தலுக்குள்ள படியிற வெள்ளைக் கல்லைப் பாருங்கோ, அதேதான் ஒவ்வொரு இறைப்பிலயும் வேரடிக்குப் போகுது. கோப்பிக்கு மண்ணின்ர பிஎச் (புளிப்பு, கார அளவு) 5.5 இலிருந்து 6.5 வரை வேணும், அதுக்கு மேல போனால் இரும்பு கரையாது.

முதல்ல சாம்பலை நிப்பாட்டுங்கோ. சாம்பலும் காரம், எரியிற நெருப்பில எண்ணெய் ஊத்தின கணக்கு. யூரியாவுக்குப் பதிலா அமோனியம் சல்பேற் சிறு சிறு அளவாப் போடலாம். உடனடி வைத்தியத்துக்கு 1 லீற்றர் மழைத்தண்ணியில 5 கிராம் பெரஸ் சல்பேற்றும் (இரும்பு உப்பு) அரைத் தேசிக்காய்ப் புளியும் கலந்து, பின்னேரம் இளம் இலைகளில விசிறுங்கோ. தேசிப்புளி விடாட்டில் இரும்பு துருநிறமா மாறிப் பயனில்லாமல் போயிடும். வெயிலுக்குள்ள விசிறினால் இலை கருகும். ரெண்டு கிழமைக்கு ஒருக்கா, மூண்டு தரம். மண்ணுக்குப் போடுறதெண்டால் ஈடிடிஎச்ஏ (EDDHA) வகை இரும்பு கேட்டு வாங்குங்கோ. மலிவான ஈடிடிஏ (EDTA) வகை சுண்ணாம்பு மண்ணில நிலைக்காது. வேரடியில கிளிசரிடியாக் குழையும் வாழைச்சருகும் அரை அடிக்குக் குறையாமல், தண்டில முட்டாமல் மூடிவிடுங்கோ.

தென்மேற்குப் பக்கம் மறைப்பு இருக்கோ? வைகாசி தொடக்கம் சோளகக் காத்து பிஞ்செல்லாம் உதிர்த்துப்போடும். வாழை மட்டும் காணாது, கிளிசரிடியா வேலி நல்லது.

கிணத்தடியான்:
மறைப்பு இல்லை. மார்கழியில பழுக்கிறதை மாத்த ஏலுமோ?

செம்பாட்டான்:
ஏலும். வாழைக்கு இறைக்கிற தண்ணி அடிக்கடி கோப்பிக்கும் போறதாலதான் பூ துண்டு துண்டா வருது. மாசி தொடங்கினதும் கோப்பிப் பாத்திக்குத் தண்ணி போற வாய்க்காலை அடைச்சு, 4 தொடக்கம் 6 கிழமை காயவிடுங்கோ. இலை காலமையிலயும் சோர்ந்து நிண்டால் மட்டும் கொஞ்சம் விடலாம். மொட்டு பச்சையா முனை கூரா வந்து நிக்கேக்க ஒரே நாளில நல்லாக் குடுங்கோ. 25 மில்லிமீற்றர் மழைக்குச் சமன் வேணும்: கொப்பு 2 மீற்றர் அகலத்துக்குப் பரந்த மரத்துக்கு 80 லீற்றர் அளவு. 7 தொடக்கம் 10 நாளில எல்லாம் சேர்ந்து பூக்கும். பாதித் தண்ணி குடுத்தால் மொட்டு அரைகுறையா விரிஞ்சு கருகும், அது குடுக்காததிலும் மோசம். பூ நிக்கேக்க மேலால தெளிக்காதேங்கோ. பூத்து 2, 3 கிழமையில திருப்பி ஒருக்கா நிறைய விடுங்கோ.

பங்குனியில பூத்தது 10 மாசம் கழிச்சுத் தை, மாசியில பழுக்கும். அப்ப மாரி முடிஞ்சு நல்ல வெயில்.

மணியாச்சி:
பதப்படுத்துறதுக்கு மெசின் தேவையில்லை பிள்ளை, பழத்தோட காயவிட்டால் போதும். றொபஸ்டாவின்ர வழுவழுப்பை ஊறவைச்சுக் கழுவி எடுக்கிறது சின்னக் கணக்குக்கு வீண் மினக்கேடு.

முழுக்கச் சிவந்ததை மட்டும் ஆயுங்கோ. பச்சையும் சேர்ந்தால் கோப்பி கயர்க்கும். வாளித் தண்ணியில போட்டு மிதக்கிறதை எடுங்கோ. அதில வண்டு துளைச்சதும் சொத்தியும்தான் கனக்க. கீழ விழுந்து கிடக்கிற பழத்தையும் பொறுக்கி வெந்நீரில போட்டு அழியுங்கோ, இல்லாட்டில் கோப்பி வண்டு அடுத்த போகத்துக்கு அதிலயிருந்துதான் வரும்.

ஆய்ஞ்ச அண்டே பரப்போணும். ஒரு இரவு சாக்குக்குள்ள கிடந்தாலே சூடேறிப் புளிக்கும், உங்கட மணம் அதுதான். நிலத்தில போடாமல், மீன்வலையைச் சட்டத்தில கட்டி முழங்கால் உயரத்தில வைச்சு, ஒரு பழத் தடிப்புக்குப் பரப்புங்கோ. பகலில 4, 5 தரம் கிளறி, பொழுதுபட முதல் படங்கால மூடுங்கோ. 2 தொடக்கம் 3 கிழமை. குலுக்கினால் கடகடக்கோணும், கொட்டையைக் கடிச்சால் பல் பதியக்கூடாது. 5 கிலோ பழத்துக்கு 1 கிலோ கொட்டை மட்டிலதான் வரும். தோலோட வைச்சு, வேணுமெண்ட அளவை மட்டும் உரலில மெல்லமா இடிச்சுச் சுளகில புடையுங்கோ.

வறுக்க இரும்புத் தாச்சி, ஒருக்காலுக்கு 300 கிராம். விடாமல் துழாவுங்கோ. படபடவெண்டு வெடிக்கிற சத்தம் ஓய்ஞ்சு ரெண்டாம் சத்தம் தொடங்கேக்க இறக்கி, உடனே சுளகில கொட்டி விசுக்கோணும். தாச்சியிலயே விட்டால் அந்தச் சூட்டிலயே கருகும். மல்லியும் வேர்க்கொம்பும் சேர்க்கிறதெண்டால் தனித்தனியா வறுங்கோ, மல்லி கோப்பிக்கு எவ்வளவோ முதல் கருகிடும். அரைக்கிறது அடுத்த நாள். மில்லில குடுத்தால் முன்னுக்கு மிளகாய் அரைச்சதோ எண்டு கேட்டுட்டுப் போடுங்கோ.