போடிங் அறைக்குச் சத்தமில்லாத சின்னக் கேம் பீசி: தண்ணீர்க் கூலர் சரிவருமா?

கொக்குவில்_குட்டி

வணக்கம் அண்ணாமார், அக்காமார்.

மொறட்டுவையில் பொறியியல் கிடைத்திருக்கிறது. இன்னும் சில மாதத்தில் கட்டுபெத்தப் பக்கம் போடிங் எடுத்துப் போக வேண்டும். அதற்கு முன் ஒரு பீசி கட்டப் பார்க்கிறேன். வீட்டில் எல்லோரும் லப்டொப் வாங்கு என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் தன்னுடைய ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி வைத்திருக்கிறான். மாமி நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது அதைக் கொண்டு வருகிறா. கார்டு சும்மா வரும்போது லப்டொப் வாங்க மனம் வருமா?

சத்தம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். இப்போது வீட்டில் இருப்பது அண்ணா விட்டுவிட்டுப் போன பழைய பெட்டி. அம்மம்மாவும் நானும் ஒரே அறை. பெட்டியின் பின்பக்கத்து ஃபானில் ஒரு இலையின் நுனி உடைந்திருக்கிறது. வேகம் எடுக்கும்போது முதலில் கரகரப்பு, பிறகு உறுமல், பிறகு மேசையில் இருக்கும் தேத்தண்ணிக் கோப்பைக்குள் கரண்டி கிணுகிணுக்கத் தொடங்கும். ஏஎல் படித்த காலத்தில் இரவு அதைப் போட்டால் அம்மம்மா எழும்பி இருந்து "மில் ஓடுது மோனை, நிப்பாட்டு" என்பா. போடிங்கில் அம்மம்மா இல்லை, ஆனால் முன்பின் தெரியாத ஒரு பொடியனோடு அறையைப் பகிர வேண்டும். முதல் வாரமே அவனோடு சண்டை வேண்டாம்.

என் திட்டம் இது. கேசிங் கூலர் மாஸ்டர் என்ஆர்200, 18 லீற்றர் மட்டில்தான் கொள்ளளவு, மேசையில் ஒரு ஓரத்தில் நிற்கும். அதற்குள் போகும் சின்ன மினி ஐடிஎக்ஸ் மதர்போர்ட். சிபியூ ரைசன் 7 7800எக்ஸ்3டி. 32 ஜிபி ராம். 750 வாட் எஸ்எஃப்எக்ஸ் என்ற சின்ன வகைப் பவர் சப்ளை. அப்புறம் 240 மி.மீ தண்ணீர்க் கூலர். கார்டு நீங்கலாக மூன்றரை லட்சம் வரை போகலாம். அப்பா இரண்டரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கேள்விகள்: பம்பு, குழாய், ரேடியேற்றர் எல்லாம் பூட்டித் தண்ணீரோடு மூடியபடி வரும் ஏஐஓ நல்லதா, சொந்தமாகக் குழாய் பூட்டிக் கலர்த் தண்ணீர் விடுவது நல்லதா? இதை இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் தூக்கித் திரியலாமா? உண்மையிலேயே சத்தம் குறையுமா?

வடலி

லப்டொப் வாங்கும் தம்பி. போடிங்கில் கரண்ட் காசு தனியாகக் கேட்பார்கள்.

சுன்னாகம்_ஸ்பனர்

கனகாலமாகப் பீசி திருத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். சொந்தமாகக் குழாய் பூட்டும் யோசனையை இன்றைக்கே விடு.

உரும்பிராய்ப் பக்கம் ஒரு பொடியன் வெளிநாட்டிலிருந்து சாமான் எடுப்பித்து ஆசையாகக் கட்டினான். பார்க்க நல்ல வடிவு. ஆறு மாதத்தில் தண்ணீர் குறைந்துபோக, கடையில் அந்தக் கலர்த் தண்ணீர் கிடைக்கவில்லை என்று வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத் துணியால் வடித்து ஊற்றிவிட்டான். எங்கள் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. உங்கள் வீட்டுக் கேத்திலைத் திறந்து அடியைப் பார், நான் சொல்ல வருவது விளங்கும். சிபியூவுக்கு மேல் உட்காரும் செப்புத் தகட்டில் தலைமயிர் அளவு இடைவெளி விட்டு வரிவரியாக வெட்டியிருக்கும், தண்ணீர் அதற்குள்ளால் ஓடித்தான் சூட்டை எடுக்கிறது. நான் கழற்றும்போது ஒரு வரியும் தெரியவில்லை. திருநீறு குழைத்துப் பூசியதுபோல இருந்தது. வினாகிரியில் ஊறப்போட்டு, பழைய பல் தூரிகையால் தேய்த்து எடுக்க ஒரு பின்னேரம் போனது.

போதாததற்கு தண்ணீரின் சூட்டை வெளியே விடும் ரேடியேற்றர் அவனுடையது அலுமினியம், தகடு செப்பு. அரிப்பைத் தடுக்கும் மருந்து கலக்காத தண்ணீரில் இரண்டும் சேர்ந்தால் அலுமினியம் தின்னுப்பட்டுப் போகும். பற்றரிக்கு விடும் காய்ச்சி வடித்த தண்ணீர் என்றாலும் மருந்து வேண்டும், இடைக்கிடை கழற்றிக் கழுவ வேண்டும். செமஸ்டர் சோதனைக்கு முதல்நாள் இதைச் செய்து கொண்டிருப்பாயா?

ஏஐஓ அப்படியில்லை. அதிலும் பெரும்பாலும் செப்பும் அலுமினியமும்தான், ஆனால் மருந்து கலந்து மூடியே வருகிறது. நீ ஒன்றும் ஊற்றத் தேவையில்லை, பெரும்பாலானவற்றில் ஊற்றவும் முடியாது. ஒரே குறை, குழாயின் சுவர் வழியாகத் தண்ணீர் மெல்ல மெல்ல ஆவியாகிக் குறையும். ஐந்தாறு வருஷம் போனால் பம்பில் சத்தம் வரத் தொடங்கலாம். உனக்குப் படிப்பு நாலு வருஷம், கணக்குச் சரி. வாங்கும்போது விலையைப் பார்ப்பதை விட உத்தரவாதம் எத்தனை வருஷம், அதை இலங்கையில் யார் தருகிறார்கள் என்று பில்லில் எழுதி வாங்கு.

இன்னொன்று. லீவுக்கு ஊருக்குக் கொண்டு வந்தால் சோளகம் வீசும் மாதங்களில் யன்னலுக்குப் பக்கத்தில் வைக்காதே. செம்மண் தூசி ரேடியேற்றரின் தகடுகளுக்கிடையில் போய் இருந்தால் ஊதினாலும் லேசில் போகாது. பின்னால் பாவிக்காத ஓட்டைகளை மூடி வை. பல்லி முட்டை இட்ட கேசிங் மாதம் ஒன்றாவது என் மேசைக்கு வரும். பல்லி மதர்போர்டில் குறுக்கே படுத்துக் கருகிப்போய் வந்ததும் இருக்கிறது, உத்தரவாதத்தில் அதற்கு இடமில்லை.

கட்டுபெத்த_அக்கா

தம்பி, முதலில் வாழ்த்துகள். நான் இணுவில், அதே கம்பஸில் மூன்றாம் வருஷம். என்னிடம் இருப்பதும் என்ஆர்200, உள்ளே 240 ஏஐஓ. அதனால் உங்கள் ஆசையைக் கெடுக்க வரவில்லை, கணக்கை மட்டும் திருத்துகிறேன்.

சத்தம் வாட்டுக்குப் பின்னால்தான் வரும். 4070 கார்டு 200 வாட். 7800எக்ஸ்3டி பெட்டியில் 120 வாட் என்று போட்டிருந்தாலும் கேம் ஓடும்போது அதில் பாதி மட்டில்தான் எடுக்கும். அப்படியென்றால் நீங்கள் 60 வாட்டுக்குத் தண்ணீர் ஓட்டிவிட்டு, 200 வாட்டைக் கார்டில் இருக்கும் சின்ன ஃபான்களிடம் விடுகிறீர்கள். சிபியூ ஏஐஓ கார்டைத் தொடவே தொடாது. உங்கள் அறைப் பொடியனை எழுப்பப் போவது கார்டுதான். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஏஐஓவுக்கு அவ்வளவு காசு கொடுத்துவிட்டு, பெட்டி ஏன் இன்னும் இரைகிறது என்று இரண்டு கிழமை தலையைச் சொறிந்தேன். கடைசியில் கார்டின் ஃபானை ஒரு செக்கன் விரலால் பிடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அப்படி நீங்கள் செய்ய வேண்டாம்.

இந்தச் சத்தத்துக்கு மருந்து ஒரு சதமும் செலவில்லாதது. மென்பொருளில் கார்டின் மின்வரம்பை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள், 140 வாட் ஆகும். என் கார்டில் அப்படிச் செய்தபோது கேமில் செக்கனுக்கு 90 பிரேம் (படம்) வந்த இடத்தில் 84 வந்தது, எனக்குக் கண்ணால் வித்தியாசம் தெரியவில்லை. காதுக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு மொனிட்டர் எத்தனை ஹேர்ட்ஸோ அந்த அளவில் பிரேமையும் கட்டிப் போடுங்கள். 75 ஹேர்ட்ஸ் மொனிட்டருக்கு 140 பிரேம் தள்ளுவது அடைத்த கதவைத் தட்டிக்கொண்டிருப்பது மாதிரி.

சிபியூவும் ரைசன் 5 7600 போதும். 65 வாட் என்று விற்கிறார்கள், முழுமூச்சில் ஓடினாலும் 88க்கு மேல் போகாது. மற்ற சிபியூவோடு நீங்கள் சொன்ன தொகைக்குள் நிற்பதும் கஷ்டம். மிஞ்சும் காசைப் பவர் சப்ளையில் போடுங்கள். சாதாரண எஸ்எஃப்எக்ஸில் 92 மி.மீ ஃபான், கொஞ்சம் நீளமான எஸ்எஃப்எக்ஸ்-எல் வகையில் 120 மி.மீ ஃபான். பெரிய ஃபான் மெதுவாகச் சுற்றும். என்ஆர்200 இரண்டையும் ஏற்கும். 650 வாட் தாராளம்.

அடுத்தது ஃபான் வேகம். ஒரே சீராக இரைந்தால் மனிதன் பழகிவிடுவான், ஏறி இறங்கினால்தான் நித்திரை போகும். பிரவுசரைத் திறந்தாலே சிபியூ ஒரு செக்கன் 75 பாகைக்குப் பாய்ந்து இறங்கும், ஃபானும் சேர்ந்து பாயும். ஆனால் தண்ணீர் அவ்வளவு கெதியில் சூடாகாது. அதனால் பம்பை ஒரே வேகத்தில் நிறுத்தி, ரேடியேற்றர் ஃபானை 70 பாகை வரை மெதுவாகவே ஓட விடுங்கள், மாற்றத்துக்குச் சில செக்கன் தாமதமும் கொடுங்கள். ஏஐஓ வாங்கியதன் பலன் எனக்கு இதில்தான் கிடைத்தது.

அறை 32 பாகை என்றால் தண்ணீரும் 32க்குக் கீழே போகாது, இதை மறக்க வேண்டாம். பெட்டியிலிருந்து வரும் சூடு முழுதும் அறைக்குள்தான். 250 வாட் என்பது பழைய 100 வாட் குண்டு பல்ப் இரண்டரையை மேசைக்குக் கீழே கொளுத்தி வைத்ததற்குச் சமன். சீற் போட்ட கூரை என்றால் மத்தியானத்தில் விளையாடவே மனம் வராது.

பஸ் கதை. முதல் முறை கொண்டு வரும்போது கார்டைக் கழற்றினேன், அப்பாவின் சாரத்தில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தேன், அதெல்லாம் சரி. பெட்டியை மட்டும் காலடியில் படுக்க வைத்துவிட்டேன். வந்து போட்டால் பம்புக்குள் கொழுகொழு என்று சத்தம், யாரோ வாய் கொப்பளிப்பது போல. பயந்துபோனேன். ஏஐஓவுக்குள் எப்போதும் கொஞ்சக் காற்று இருக்கும், அது பம்புக்குள் போய்விட்டது. நிமிர்த்தி வைத்து, ஓடும்போதே மெதுவாக இடமும் வலமும் சரித்தேன், பத்து நிமிஷத்தில் அடங்கியது. பூட்டும்போதே ரேடியேற்றரின் மேல் விளிம்பு பம்பை விட உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள், காற்று அங்கே போய் இருந்துகொள்ளும். பக்கத்துக் கதவு கண்ணாடியாக இருந்தால் அங்கே ரேடியேற்றர் பூட்ட முடியாது, மூச்சு விட இடமில்லை. ஓட்டை போட்ட தகரக் கதவைத்தான் பாவிக்க வேண்டும்.

பருத்தித்துறை_உப்பு

எல்லோரும் தண்ணீருக்கு ஆதரவு என்றால் காற்றுக்கு நான் ஒருவனாவது. 88 வாட்டுக்கு ஏஐஓ எதற்கு? 125 மி.மீ உயரமான நொக்டுவா என்எச்-யூ9எஸ் காற்றுக் கூலர் அந்தக் கேசிங்குக்குள் போகும். ஃபான் செத்தால் ஃபானை மட்டும் மாற்றலாம், பம்ப் செத்தால் முழுதும் குப்பை. சும்மா இருக்கும்போது என் பெட்டியில் சத்தமே இல்லை, ஏஐஓவில் பம்ப் எந்நேரமும் முனகும். கட்டுபெத்தவும் கடலுக்குக் கிட்ட, உப்புக் காற்று ரேடியேற்றர் தகட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். எங்கள் வீட்டில் யன்னல் கம்பியே நிற்கிறதில்லை.

யூபிஎஸ்ஸும் வாங்கும். 650 விஏ என்று போட்டிருந்தால் 650 வாட் என்று நினைக்க வேண்டாம், 360 வாட் மட்டில்தான் தாங்கும். வேலையைச் சேமித்து நிறுத்த அது போதும். 2025 பெப்ரவரியில் பாணந்துறையில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனது என்று அமைச்சரே சொன்னார், குரங்குக்குக் கால அட்டவணை கிடையாது.

கொக்குவில்_குட்டி

எல்லோருக்கும் நன்றி. குழாய் யோசனை செத்துவிட்டது. கேத்திலைத் திறந்து பார்த்தேன், அம்மாவிடம் ஏச்சும் வாங்கினேன்.

7600, 650 வாட் எஸ்எஃப்எக்ஸ்-எல், தகரக் கதவு, 70 சதவீத மின்வரம்பு என்று மாற்றிவிட்டேன். பருத்தித்துறை அண்ணா சொன்னது நியாயம் என்று தெரிகிறது, ஆனாலும் ஏஐஓவை விட மனம் வரவில்லை. காரணம் ஒன்றும் இல்லை, ஆசைதான்.

இதற்கிடையில் கஸ்தூரியார் வீதியில் ஒரு 120 மி.மீ ஃபான் வாங்கிப் பழைய பெட்டியில் பூட்டினேன். துளை பொருந்தவில்லை, இரண்டு திருகாணியும் இரண்டு கேபிள் கட்டும் போட்டு நிற்கிறது. நேற்று இரவு போட்டபோது அம்மம்மா திரும்பிப் படுத்து, "கரண்ட் போய்ட்டுதோ மோனை?" என்றா.

கடைசிச் சந்தேகம். மச்சான் கார்டை அளந்து அனுப்பினான். நீளம் 30 செ.மீ, தடிப்பு 5 செ.மீ. கேசிங்கில் 33 செ.மீ வரை போகும் என்று போட்டிருக்கிறது. கார்டுக்குக் கீழே ஃபான் பூட்ட இடம் வருமா?

கட்டுபெத்த_அக்கா

வரும், ஆனால் 15 மி.மீ மெல்லிய ஃபான் வாங்குங்கள். வழக்கமான 25 மி.மீ ஃபான் கார்டில் முட்டும், என்னுடையதில் முட்டியது. மாமியிடம் சொல்லுங்கோ, கார்டு கைப்பையில் வரட்டும், சூட்கேஸுக்குள் வேண்டாம்.