வேலூர் வெயிலுக்கு 20டபிள்யூ-50 ஊற்றலாமா?

வேலூர்_வண்டி: 80,000 கி.மீ. ஓடிய பெட்ரோல் கார். டர்போ இல்லை. கையேட்டில் இன்ஜின் ஆயிலுக்கு 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 இரண்டும் இருக்கின்றன (டபிள்யூவுக்கு முன் உள்ள எண் குளிரில் ஆயிலின் கெட்டித்தன்மை, பின் உள்ளது சூட்டில்). மெக்கானிக் அண்ணன், "அதெல்லாம் தண்ணி மாதிரி சார், நம்ம வெயிலுக்கு இன்ஜின் தேஞ்சுடும், 20டபிள்யூ-50 ஊத்திடலாம்" என்கிறார். ஊற்றலாமா?

பழைய_டீசல்: தாராளமாக ஊற்றுங்கள். ஆயில் படலம் கனமாக இருந்தால்தான் பேரிங்கும் கிராங்க் ஷாஃப்டும் உரசாது. மெல்லிய ஆயில் எல்லாம் மைலேஜ் கணக்குக்காக வந்தவை.

பேரிங்_பைத்தியம்: மைலேஜ் கணக்கு உண்மைதான். ஆனால் வெயில் வாதம் நிற்காது. வெளியே 28 டிகிரியோ 42 டிகிரியோ, தெர்மோஸ்டாட் கூலண்டை 90 டிகிரியை ஒட்டியே பிடித்து வைக்கும். ஆயில் சூடும் பெரும்பாலும் இன்ஜின் இழுக்கும் சுமையைப் பொறுத்தது.

காலையில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் சிக்கல். 40 டிகிரியில் 0டபிள்யூ-20 சுமார் 40 சென்டிஸ்டோக் (கெட்டித்தன்மையின் அளவு), 20டபிள்யூ-50 சுமார் 150. அவ்வளவு கெட்டியை பம்ப் தள்ளும்போது அதிக பிரஷரைத் தணிக்கும் ரிலீஃப் வால்வு திறந்து ஒரு பங்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்புக்கே திரும்பிவிடும். பிரஷர் ஏறியிருக்கும், ஆனால் வால்வுகளைத் திறக்கும் கேம் பக்கம் ஆயில் தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

பழைய_டீசல்: 0டபிள்யூ என்பது மைனஸ் 35 டிகிரியில் கிராங்க் ஆகுமா, அதாவது ஸ்டார்டர் இன்ஜினைச் சுற்றுமா என்று பார்க்கும் சோதனை. வேலூரில் யாருக்கு அது வேண்டும்? அதிவேகத்திலோ அதிக சுமையிலோ ஓட்டினால் கெட்டியான ஆயில் பொருத்தமாக இருக்கலாம் என்று டொயோட்டா கையேடுகளிலேயே எழுதியிருக்கிறார்கள். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பேரிங்_பைத்தியம்: அது நியாயமான பேச்சு. ஆனால் கெட்டி என்றால் நேராக 50-க்கா தாவுவது? ஹெச்டிஹெச்எஸ் என்று ஓர் அளவு உண்டு. 150 டிகிரியில், பேரிங்குக்குள் நசுங்கும் நிலையில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்று அதுதான் காட்டும். 20 கிரேடுக்குக் குறைந்தது 2.6 மில்லிபாஸ்கல்-செகண்ட், 30 கிரேடுக்கு 2.9. ஆளை ஏற்றிக்கொண்டு ஏலகிரி ஏறுகிறவருக்கு அந்த ஒரு படி போதும். கேம் லோப் தேய்மானத்துக்கு எப்படியும் கெட்டி மட்டும் போதாது, அங்கே ஆயிலில் கலந்த சிங்க் சேர்க்கைதான் காப்பாற்றுகிறது.

டர்போ_தம்பி: அண்ணே, பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போவில் கதை வேறு. சின்னச் சின்ன ஓட்டத்தில் பெட்ரோல் ஆயிலில் இறங்கி அதை இன்னும் நீர்க்க வைக்கிறது. அதனால்தான் நான் 30-ஐ விட்டு இறங்குவதில்லை.

பேரிங்_பைத்தியம்: தம்பி, அதற்கு முதல் மருந்து ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவது.

பழைய_டீசல்: ஆக, 20 போதாது என்று 30 வரை இறங்கி வந்துவிட்டீர்கள்!

பேரிங்_பைத்தியம்: கையேட்டில் உள்ள 30 வரை. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் வேரியபிள் வால்வு டைமிங்குக்கு ஆயில்தான் அழுத்தம் கடத்தும் ஹைட்ராலிக் திரவம். அதில் குழம்பை ஓடவிட நான் தயாரில்லை. வேலூர் நண்பரே, கையேட்டில் 50 எங்காவது இருக்கிறதா?

வேலூர்_வண்டி: இல்லை சார். 30-தான் கடைசி.

பழைய_டீசல்: கையேடு எழுதியவர் ஏலகிரி ஏறியிருக்க மாட்டார்.