கலைச்சொல் விவாதம்: இன்வேஷனல் மெல்ட்டவுன் – "ஊடுருவல் உருகல்" வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம்.

சூழலியல் சொற்பட்டியலில் 'இன்வேஷனல் மெல்ட்டவுன்' என்பதற்கு "ஊடுருவல் உருகல்" என்றும் மாற்றாக "அயலினச் சரிவு" என்றும் போட்டிருக்கிறோம். இரண்டையுமே எடுத்துவிட வேண்டும். ஊடுருவல் உருகிவிட்டது என்றால் தொல்லை ஒழிந்தது என்றுதான் மாணவர் படிப்பார். அயலினச் சரிவு என்றால் அயலினங்களின் எண்ணிக்கை குறைந்தது என்று பொருள்படும். நடப்பது இதற்கு நேர்மாறு.

1999-இல் சூழலியலாளர்கள் சிம்பர்லோஃபும் வான் ஹோலும் இந்தப் பெயரை வைத்தார்கள். 'மெல்ட்டவுன்' என்பது அணு உலை விபத்தைக் குறிக்கும் சொல். வெளியிலிருந்து வந்த ஓர் இனம் இன்னொரு வந்தேறி இனம் நிலைக்கவும் பெருகவும் வழிசெய்கிறது. அதனால் கேடு தனித்தனிக் கேடுகளின் கூட்டுத்தொகையைத் தாண்டிப் போகிறது. கருத்து இவ்வளவுதான்.

சொல்லை உரசிப் பார்க்கக் கிறிஸ்துமஸ் தீவைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. இந்தியப் பெருங்கடலில் சுமார் 135 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஆஸ்திரேலிய ஆட்சிப்பகுதி அது. மஞ்சள் வெறி எறும்பு (அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ்) அங்கே 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே வந்துவிட்டது. பல பத்தாண்டுகள் பெரிய தொல்லை இல்லை. 1989-இல்தான் முதல் பெருங்காலனி (பல கூடுகள் பகையின்றி ஒன்றாக இணைந்த பெருந்திரள்) கண்ணில் பட்டது: தரையில் சதுர மீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேல் எறும்புகள். இந்த எறும்பு கடிப்பதில்லை, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிறது. தீவுக்கே உரிய செந்நண்டின் கண்ணும் வாய்ப்பகுதியும் அதில் வெந்து, நண்டு ஓரிரு நாளில் சாகிறது. இப்படி மடிந்தவை கோடிக்கு மேல்.

இவ்வளவு எறும்புக்குச் சர்க்கரை உணவு எங்கிருந்து வந்தது? மரத்தின் மேலிருந்து. டாக்கார்டினா ஆரன்டியாக்கா என்ற அரக்குச் செதில் பூச்சியும் வந்தேறிதான். அது மரச்சாற்றை உறிஞ்சி இனிப்புக் கழிவைச் சொட்டுகிறது, எறும்பு அதைக் குடிக்கிறது. பதிலுக்கு எறும்பு செதில் பூச்சியின் எதிரிகளை விரட்டுகிறது. எஞ்சிய இனிப்பு இலையில் படிந்து கரும்பூஞ்சாணம் பிடிக்கிறது, கிளைகள் காய்கின்றன. கீழே சருகையும் நாற்றையும் தின்னும் நண்டு இல்லாததால் சருகு மக்காமல் குவிகிறது, நாற்றுகள் அடர்கின்றன. 2003-இல் ஓடவுட், கிரீன், லேக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதைத்தான் இந்தப் பெயரால் விளக்கினார்கள்.

என் முன்மொழிவு: அயலினக் கைகோர்ப்பு.

---

> என் முன்மொழிவு: அயலினக் கைகோர்ப்பு

ஐயா, பழைய இரண்டையும் நீக்குவதில் முழு உடன்பாடு. "கைகோர்ப்பு" மட்டும் போதாது என்று நினைக்கிறேன்.

இரண்டு இனங்கள் சேர்ந்தே வந்து சேர்ந்தே பரவுவதற்குத் தனிப் பெயர் உண்டு. தென்னாப்பிரிக்காவிலும் நியூசிலாந்திலும் பைன் மரங்கள் பரவியது அவற்றின் வேர்ப்பூஞ்சைகளும் கூட வந்த பிறகுதான். உள்ளூர் மண்ணில் பைனுக்கு ஒத்துவரும் பூஞ்சை இல்லை. "கைகோர்ப்பு" என்றதும் வாசகர் மனத்தில் முதலில் வருவது இதுவாகத்தான் இருக்கும். அதற்குக் கூட்டு ஊடுருவல் என்று வைத்துக்கொள்வோம். பைனும் பூஞ்சையும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதாலேயே அடுத்த படி தானாக நடந்துவிடாது. நமக்கு வேண்டியது அந்த அடுத்த படிக்கான சொல்: ஒன்று பெருகினால் மற்றது பெருகும், மற்றது பெருகியதால் முதலாவது இன்னும் பெருகும், பாதிப்பும் ஏறிக்கொண்டே போகும்.

ஆகவே இரண்டாகப் பிரிக்கலாம். ஓர் அயலினம் இன்னொன்றுக்கு வழிசெய்யும் வினைக்குத் "துணைபோதல்" என்று வைக்கலாம். குற்றத்துக்குத் துணைபோனான் என்று பேச்சிலேயே இருக்கிறது, விளக்கவே வேண்டாம். ஒருவழித் துணைபோதல், இருவழித் துணைபோதல் என்று அடைமொழியும் சேரும். இருவழியாகி, எண்ணிக்கையும் பாதிப்பும் சுற்றுக்குச் சுற்று ஏறும் நிலைக்கு அயலினச் சுழற்பெருக்கம்.

---

"சுழற்பெருக்கம்" எனக்குப் பிடித்திருக்கிறது. ஏற்பதற்கு முன் வேறு எடுத்துக்காட்டுகளில் பொருத்திப் பார்ப்போம். தவறான இடத்தில் தொற்றிக்கொள்ளும் சொல் நாளைக்குத் தலைவலி.

உண்ணிச்செடியும் சின்னானும்: பழத்தைத் தின்று விதையைப் பரப்புவது உள்ளூர்ப் பறவை. அயலினம் ஒன்றுதான். இனங்களுக்கு இடையிலான உறவு வலையில் புதிய கணு ஒன்று சேர்ந்து, பழைய இணைப்புகள் அதன் பக்கம் திரும்புகின்றன. இது சுழற்பெருக்கம் ஆகாது.

சீமைக் கருவேலமும் ஆடும்: நெற்றைத் தின்னும் ஆடு விதையைச் சாணத்தோடு போடுகிறது, முளைப்பும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஆட்டின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது வளர்ப்பவரும் சந்தையும், நெற்று அல்ல. திரும்பி வரும் அம்பு மெலிது. ஒருவழித் துணைபோதல் என்று நிறுத்திக்கொள்ளலாம்.

ஹவாய் ஃபாயா மரம்: காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பதால் எரிமலை மண்ணில் மற்ற வந்தேறிச் செடிகளுக்கும் இடம் கிடைக்கிறது. அதன் விதையைப் பரப்புவதில் 1929-இல் கொண்டுவரப்பட்ட ஜப்பானிய வெள்ளைக்கண்ணிப் பறவைக்குப் பங்கு உண்டு. மரத்துக்குப் பறவை துணைபோகிறது என்பது சரி. மரம் இருப்பதால் பறவை கூடுகிறதா என்று அளந்து காட்டாமல் இந்தச் சொல்லைப் போடக் கூடாது. ஆங்கிலக் கட்டுரைகளிலேயே வந்தேறிகள் இரண்டு ஒரே இடத்தில் இருந்தால் போதும் என்று அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் தமிழிலும் வேண்டாம்.

ஒரு ஐயம்: கிறிஸ்துமஸ் தீவில் ஆப்பிரிக்கப் பெருநத்தை எந்தக் கணக்கில் வரும்?

---

> ஆப்பிரிக்கப் பெருநத்தை எந்தக் கணக்கில் வரும்?

நல்ல கேள்வி. அந்த நத்தை ஏற்கெனவே தீவுக்கு வந்துவிட்டதுதான். செந்நண்டு உள்ள காட்டுக்குள் நுழைந்தால் நண்டு அதைத் தின்றுவிடும். பெருங்காலனி நண்டைக் கொன்ற பிறகு வழி திறந்தது. 2011-இல் வெளியான ஆய்வின்படி, பெருங்காலனி உள்ள இடங்களில் நத்தை ஊடுருவும் வாய்ப்பு 253 மடங்கு. ஆனால் நத்தை எறும்புக்கு எதுவும் திருப்பித் தருவதில்லை. ஆகவே அது சுழலுக்கு வெளியே நிற்கும் பயனாளி. இரண்டாம்நிலை ஊடுருவல் என்று தனிப் பதிவாக வைப்போம்.

இந்தப் பிரிவினை களத்தில் வேலை செய்கிறது. சுழலில் எந்த இணைப்பை வெட்டுவது என்பதுதான் கட்டுப்பாட்டுத் திட்டம். 2002-இல் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கலந்த மீன்தூள் இரையை ஹெக்டேருக்கு 4 கிலோ வீதம், ஏறத்தாழ 2,500 ஹெக்டேரில் ஹெலிகாப்டரிலிருந்து தூவினார்கள். எறும்பின் எண்ணிக்கை விழுந்தது. எறும்பு போன இடங்களில் எறும்பின் காவல் இல்லாத கோக்கஸ் வகைச் செதில் பூச்சிகள் (இனிப்புச் சொட்டும் இன்னொரு வகை) ஓராண்டுக்குள் அற்றுப்போயின. சுழல் மெய்யானது என்பதற்கு அதுவே சான்று. ஆனாலும் இனிப்பு கிடைக்கும் வேறு இடங்களில் பெருங்காலனிகள் மறுபடி உருவாயின. நச்சு இரையைத் தேங்காய் நண்டும் தின்னும், நீர்நிலை அருகே தூவ முடியாது. ஆகவே அடுத்து வெட்டியது இனிப்பை: 2016 டிசம்பரில் மலேசியாவிலிருந்து கொண்டுவந்த டாக்கார்டியேஃபேகஸ் சோமர்வில்லி என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியை விட்டார்கள். அது அரக்குச் செதில் பூச்சிக்குள் முட்டையிடுகிறது. எறும்பைத் தொடுவதே இல்லை. நத்தையைப் பொறுக்கிக்கொண்டிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

துணைபோதல், சுழற்பெருக்கம் இரண்டையும் ஏற்கிறேன். கைகோர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன்.

---

அப்படியானால் திண்டுக்கல் மாவட்டத்துக் கரந்தமலை? 2022-இல் நத்தம் பக்கம் ஆடுமாடுகளின் கண்ணைப் பதம்பார்த்ததாகச் செய்தியில் அடிபட்டது இதே எறும்புதான். அங்கே சுழற்பெருக்கம் என்று எழுதலாமா?

---

இப்போதைக்குப் "பெருங்காலனி" வரை எழுதலாம். அதற்கு மேல் எழுத இரண்டு தெரிய வேண்டும். முதலில் இனிப்பு எங்கிருந்து என்பது. அடிமரத்தில் இறங்கிவரும் எறும்பின் வயிறு புடைத்து, வெளிச்சத்தில் கண்ணாடிபோல் தெரிந்தால் மேலே செதில் பூச்சியோ மாவுப்பூச்சியோ இருக்கும். கொப்பை வெட்டி எடுத்து இனம் கண்டறிய வேண்டும். அது உள்ளூர் இனமாக இருந்தால் நம் வரையறைக்குள் வராது.

அடுத்து, இருவழியா என்பது. ஒரே வகை மரங்களில் பாதிக்கு மார்பளவு உயரத்தில் ஒட்டும் பசைப் பட்டை சுற்றி, மற்றதை அப்படியே விட்டு, மாதாமாதம் ஒரே நீளக் கொப்பில் பூச்சியை எண்ணலாம். பக்கத்து மரக்கிளை தொட்டுக்கொண்டிருந்தால் எறும்பு அந்த வழியாக ஏறிவிடும். கிளையைக் கழிக்காமல் பட்டை சுற்றுவது வீண். மழைக்குப் பின் பசையில் தூசி படிந்து பாலம் ஆகிவிடும், புதுப்பிக்க வேண்டும். தரையில் 20 செ.மீ. வெள்ளை அட்டை வைத்து 30 நொடியில் கடக்கும் எறும்பை எண்ணுவது கிறிஸ்துமஸ் தீவு முறை. இங்கும் அதே அளவை வைத்தால் ஒப்பிடலாம்.

பட்டியலுக்கான பதிவு:

அயலினச் சுழற்பெருக்கம் – இரண்டோ அதற்கு மேற்பட்டோ அயலினங்கள் ஒன்றுக்கொன்று இருவழியில் துணைபோய், நிலைப்பும் எண்ணிக்கையும் சூழல் பாதிப்பும் சுற்றுக்குச் சுற்று ஏறுதல். காண்க: துணைபோதல், கூட்டு ஊடுருவல், இரண்டாம்நிலை ஊடுருவல்.

"சுழல் பெருக்கம்" என்று பிரித்து எழுத வேண்டாம். மின்னணுவியல் பட்டியலிலுள்ள "பெருக்கம்" தேடலில் குறுக்கே வரும்.