பெல்லட் அடுப்புக்குப் புகைக்குழாய்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். பெரம்பூரில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் அக்கா சின்னதாக மெஸ் நடத்துகிறார். 19 கிலோ சிலிண்டர் விலை கட்டுப்படியாகவில்லை. மரத்தூள் பெல்லட்டில் (மரத்தூளை இறுக்கி அழுத்திச் செய்த சின்னக் குச்சித் துண்டுகள்) எரியும் அடுப்புக்கு மாறப் போகிறோம்.

கவலையெல்லாம் புகைக்குழாய்தான். சமையலறைக்கு ஒரே ஜன்னல். கை நீட்டினால் பக்கத்து வீட்டுச் சுவரைத் தொடலாம். அடுப்பு விற்பவரோ, "ஜன்னல் வழியா ஒரு முழம் குழாய் விட்டா போதும், புகையே தெரியாது" என்கிறார். புகை தெரியாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு வருமே? அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மாடியில் கைக்குழந்தையோடு குடியிருக்கிறார்கள். மொட்டைமாடிக்கு மேலே வரை குழாயை ஏற்றாமல் அடுப்பைப் பற்றவைக்க மாட்டேன்.

சன்ஷேடைத் தாண்ட இரண்டு வளைவு வரும். வளைவு கூடினால் இழுவை, அதாவது குழாய் புகையை மேலே இழுக்கும் வேகம், குறையும். 90 டிகிரிக்குப் பதில் 45 டிகிரி எல்போ போட்டுப் பார்த்தவர்கள் உண்டா? நம் ஊர் உப்புக்காற்றுக்கு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு தாங்குமா, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கே போய்விடலாமா?

அப்புறம், கரண்ட் போனால் அடுப்பின் ஃபேன் நின்றுவிடும். உள்ளே கனன்றுகொண்டிருக்கும் பெல்லட்டின் புகை அறைக்குள் திரும்பக் கூடாது. இன்வெர்ட்டர் மட்டும் போதுமா?

ஐப்பசி மழையில் பெல்லட் ஈரம் இழுத்துப் பொடிந்துவிடும் என்பதால் மூடி போட்ட டிரம் வாங்கிவிட்டோம். வடசென்னைப் பக்கம் புகைக்குழாய் வேலை நன்றாகத் தெரிந்த தகடு வேலைக்காரர் இருந்தால் சொல்லுங்கள். தீபாவளி ஆர்டருக்கு முன்னால் முடித்தாக வேண்டும்.