தடுப்புகளை எடுத்தால் ஊழியர்கள் கலந்து பேசுவார்களா?

நெய்தல்:
சோழிங்கநல்லூரில் மூன்று மாடி ஆபீஸ் எங்களுடையது. டீம்களுக்கு இடையே பேச்சே இல்லை என்று கேபின், தடுப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நீள மேஜை போடப் போகிறார்களாம். ஊழியர் கருத்து கேட்டிருக்கிறார்கள். என்ன எழுதிக் கொடுக்கலாம்?

வரைபலகை:
ஆதரித்தே எழுதுங்கள். ஆபீஸ் இன்டீரியர்தான் என் தொழில். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970களிலேயே ஆராய்ச்சிக்கூடங்களில் அளந்து காட்டிவிட்டார்: இருக்கைகளுக்கு இடையே தூரம் கூடக் கூடப் பேச்சு மளமளவென்று குறைகிறது, 50 மீட்டரைத் தாண்டினால் அநேகமாக இல்லை. அனிமேஷன் படம் எடுக்கும் பிக்ஸார் நிறுவனத்தின் எமரிவில் கட்டடத்தில் ஸ்டீவ் ஜாப்ஸ் பெரிய நடுக்கூடம் வைக்கச் சொன்னதும், வெவ்வேறு பிரிவினர் போகவர எதிர்ப்பட வேண்டும் என்றுதான்.

மாடிப்படி:
சார், ஆலன் அளந்தது தூரத்தை. தடுப்பை எடுத்தால் பேச்சு கூடும் என்று அதிலிருந்து எப்படி வரும்? பிக்ஸாரில் நடுக்கூடம் பொது, சரி. ஆனால் அனிமேட்டர்களுக்குத் தனித்தனி அறை உண்டு, அதை ஆளாளுக்கு இஷ்டப்படி அலங்கரித்தும் வைத்திருக்கிறார்கள். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

தடுப்பை எடுப்பதையே நேராக அளந்த ஆய்வு ஒன்று 2018இல் வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஈதன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீபன் டர்பனும் செய்தது. இரண்டு பெரிய அமெரிக்க நிறுவனங்களின் தலைமையகத்தில், தடுப்பில்லாத ஹாலாக மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஊழியர்களுக்கு உணரி (சென்சார்) மாட்டிப் பார்த்தார்கள். நேருக்கு நேர் பேசுவது சுமார் 70% குறைந்தது. மின்னஞ்சல் கூடியது.

எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. நான் முன்பு இருந்த இடத்தில் நீள மேஜைதான். பக்கத்து ஸீட்காரரிடம் ஒரு சந்தேகம் கேட்டால் ஆறு தலை திரும்பும். அதனால் ஒரு முழ தூரத்தில் இருப்பவருக்கே சாட்டில் எழுதுவோம். காதில் எந்நேரமும் ஹெட்செட். வீட்டிலிருந்து போன் வந்தால் மாடிப்படிக்கு ஓட வேண்டும்.

கணக்கு:
அக்கவுண்ட்ஸில் இருக்கிறேன். ஒருவர் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தம் என்று போனில் சொல்ல வேண்டுமானால் எங்கே போய்ச் சொல்வது? இன்னொன்று, நடைபாதைக்கு முதுகு காட்டி உட்கார வைக்கிறார்கள். பின்னால் யார் நிற்கிறார்கள் என்ற நினைப்பிலேயே நாள் போய்விடும். பெண்களுக்கு இது எவ்வளவு சங்கடம் என்று வரைபடம் போடுகிறவர்கள் எங்களைக் கேட்டதே இல்லை.

வரைபலகை:
கணக்கு அவர்கள் சொல்வதை அப்படியே ஏற்கிறேன். முதுகுக்குப் பின் சுவரோ அலமாரியோ வர வேண்டும். ஆனால் ஹார்வர்டு ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடித்துவிட முடியாது. இரண்டே நிறுவனங்கள். அந்த உணரி யார் யாரிடம் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று காட்டும், பேச்சில் சரக்கு இருந்ததா என்று காட்டாது. நான் கண்ணால் பார்ப்பது வேறு: பட்ஜெட் போதவில்லை என்றதும் முதலில் வெட்டுவது ஒலி உறிஞ்சும் சீலிங்கையும் போன் அறைகளையும்தான். அவை இல்லாத ஹாலில் யார்தான் வாய் திறப்பார்கள்?

மாடிப்படி:
வெட்டுவார்கள் என்று தெரிந்தே ஏன் சிபாரிசு செய்கிறீர்கள்? எம்.ஐ.டி.யின் 20ஆம் எண் கட்டடத்தைப் பாருங்கள். 1943இல் போர்க்காலத்துக்கென்று அவசரமாக எழுப்பிய மரக்கட்டடம், 1998 வரை நின்றது. வெவ்வேறு துறை ஆட்கள் அங்கே கலந்து பழகினார்கள் என்று இன்றும் பேசுகிறார்கள். அதில் அறையும் இருந்தது, கதவும் இருந்தது. தேவைப்பட்டால் சுவரை உடைத்துக்கொள்ளும் உரிமை உள்ளே வேலை செய்தவர்கள் கையில் இருந்தது. நெய்தல், உங்கள் ஆபீஸில் அந்த உரிமை யாரிடம்?

நெய்தல்:
எங்களிடம் இல்லை. இப்போதுதான் உறைக்கிறது: டெஸ்டிங் டீம் மூன்றாம் மாடி, நாங்கள் முதல் மாடி. மாடிக்கு மாடி தனி டீ மெஷின், அதனால் அவர்களைச் சந்திக்கவே வழியில்லை. ஆகவே இப்படி எழுதப் போகிறேன்: இரண்டு டீமையும் ஒரே மாடிக்குக் கொண்டுவாருங்கள், பேன்ட்ரியை நடுவில் வையுங்கள், போன் அறை கட்டிய பிறகு மற்றதைப் பேசலாம், தடுப்பு இருக்கட்டும்.

வரைபலகை:
தடுப்பு இருக்கட்டும், உயரத்தை 4 அடிக்குக் குறைக்கச் சொல்லுங்கள். எழுந்து நின்றால் முகம் தெரிய வேண்டும்.

மாடிப்படி:
4 அடி என்றால் உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டம். எதிரே இருப்பவர் பார்வையில் விழுந்துகொண்டே இருப்பார். நாலரை கேளுங்கள். அதற்குக் கீழே ஒப்புக்கொள்ளாதீர்கள்.